கரி இன்ஜின் கேள்வி - பதில்: சாணக்கியபுரியிலிருந்து ரேவாரி வரை

டெல்லியில் குளிர் தொடங்கியதும் ரயில் மியூசியத்தைப் பற்றியும் நீராவி வண்டிப் பயணத்தைப் பற்றியும் வாசகர்கள் நிறையக் கேட்கிறார்கள். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

*ஊரிலிருந்து மாமனார், மாமியார் வருகிறார்கள். ஆறு வயதுப் பையனும் இருக்கிறான். சாணக்கியபுரி மியூசியத்தை ஒரே நாளில் எல்லாரும் களைப்பில்லாமல் பார்க்க முடியுமா?*
*- வாசகி, ஆர்.கே.புரம்*

முடியும். திங்கள்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலை 10 மணிக்கு வாசலில் இருங்கள். ஆர்.கே.புரத்திலிருந்து ஆட்டோ போதும். தொலைவிலிருந்து வருகிறவர்கள் மெட்ரோவின் பிங்க் லைனில் மோதி பாக் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

உள்ளே நுழைவதற்கான டிக்கெட் வேறு, குட்டி ரயிலுக்கு வேறு. முதல் வேலையாகக் குட்டி ரயில் டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் அந்த வரிசைதான் மியூசியத்திலேயே நீளமான வரிசை. பையன் அதில் நின்று சோர்ந்துவிட்டால் பிறகு எந்த இன்ஜினையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

அடுத்து வெளியில் நிற்கும் இன்ஜின்களுக்குப் போங்கள். கட்டடத்துக்குள் இருக்கும் கேலரியை நண்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலும் மார்ச்சிலும் மதிய வெயிலில் இரும்புப் படிகளில் கை வைக்க முடியாது. வெளியே இருப்பவை மிக அதிகம். எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் பெரியவர்களுக்குக் கால் வலிதான் மிஞ்சும். ஐந்தாறு மட்டும் போதும் என்றால் இவற்றைச் சொல்வோம்.

அஜ்மீர் பணிமனையில் 1895-ல் கட்டிய எஃப் 734 இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் இன்ஜின். ஆளைவிடப் பெரிதாகத் தெரியாத, ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடும் மீட்டர்கேஜ் வண்டி. அதைப் பார்த்த கையோடு பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் 815 என்ற எண்ணுள்ள, கேரட் எனப்படும் வகை இன்ஜினுக்கு வாருங்கள். 1930-ல் மான்செஸ்டரில் பேயர் பீகாக் செய்தது, எடை 234 டன். நடுவில் ஒரே பாய்லர், அதன் இரு பக்கமும் தனித்தனிச் சக்கரத் தொகுதி. பாரத்தைப் பல சக்கரங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தால் தண்டவாளம் தாங்கும்; வளைவில் இரண்டு தொகுதிகளும் தனித்தனியே திரும்பும். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முப்பத்தைந்து ஆண்டுகளில் இன்ஜின் எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லாமலே விளங்கும்.

பையனுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது நெருப்பே இல்லாத நீராவி இன்ஜின். ஜெர்மனியின் ஹென்ஷெல் நிறுவனம் 1953-ல் செய்து, சிந்த்ரி உரத் தொழிற்சாலையில் ஓடியது. தீப்பொறி பட்டால் ஆபத்தான இடம் என்பதால் அதற்கு அடுப்பே வைக்கவில்லை. தொழிற்சாலையின் பாய்லரிலிருந்து நீராவியைப் பிடித்து நிரப்பிக்கொண்டு, அது தீரும் வரை ஓடும். அருகிலுள்ள மற்ற இன்ஜின்களில் அடுப்பு எங்கே இருக்கிறது, இதில் ஏன் இல்லை என்று பையனையே தேடச் சொல்லுங்கள்.

மாமனார், மாமியாருக்கு அரச சலூன்கள் பிடிக்கும். மைசூர் மகாராஜாவின் 1899-ஆம் ஆண்டுப் பெட்டியில் ஏற விடமாட்டார்கள், சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு உள்ளே எதுவும் தெரியாது. இரு கைகளையும் கண்ணுக்குப் பக்கவாட்டில் மறைப்பாக வைத்துக் கண்ணாடியை ஒட்டிப் பார்த்தால் மரவேலை தெளிவாகத் தெரியும். உள் கேலரியில் 1894-ல் கோல்கேராவில் மெயில் வண்டியை எதிர்த்து முட்டிய யானையின் மண்டையோடு இருக்கிறது. பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

மொத்தத்தில் மூன்று மணி நேரம். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

*ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில் அங்கே இருக்கிறதாமே? விழாமல் எப்படி ஓடுகிறது?*
*- வாசகர், முனிர்க்கா*

பாட்டியாலா சமஸ்தானத்து மோனோ ரயிலைச் சொல்கிறீர்கள். 1907-ல் மகாராஜா பூபிந்தர் சிங் காலத்தில், கர்னல் போல்ஸ் என்ற பொறியாளர் எவிங் முறையில் அமைத்தது. இன்ஜின்கள் பெர்லினின் ஒரென்ஸ்டைன் அண்ட் கோப்பல் நிறுவனத்திடமிருந்து வந்தவை.

சாலையோரத்தில் ஒரே ஒரு தண்டவாளம் போட்டிருப்பார்கள். எடையில் பெரும்பகுதி அதன்மேல் ஓடும் சக்கரங்களில் இறங்கும். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். மண் சாலையில் மாட்டுவண்டி இழுக்கும் பாரத்தைவிட இதில் பல மடங்கு இழுக்கலாம், நிலம் தனியாக வாங்கவும் வேண்டாம். இன்ஜின் இல்லாத பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் இழுத்தன. பேருந்தும் லாரியும் வந்த பிறகு தாக்குப்பிடிக்க முடியாமல் 1927-ல் நின்றுபோனது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1962-ல் மைக் சாட்டோ என்பவர் பாட்டியாலா பொதுப்பணித்துறைக் கிடங்கில் இதன் மிச்சங்களைக் கண்டுபிடித்தார். பிறகு சீரமைத்து இங்கே கொண்டுவந்தார்கள். உண்மையான நெருப்பு, உண்மையான நீராவியில் ஓடும் வண்டி என்பதால் எல்லா நாளும் எடுப்பதில்லை. எந்தக் கிழமை ஓடும் என்பதும் மாறிக்கொண்டிருக்கிறது, முந்தைய நாள் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஓடாத நாளிலும் அருகில் போய், பக்கச் சக்கரம் தரையைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். வண்டியின் ரகசியம் முழுவதும் அங்கேதான்.

*எங்கள் ஊட்டி ரயில் இன்ஜினும் டெல்லியில் நிற்கிறது என்றார்கள். மற்றவற்றிலிருந்து அதற்கு என்ன வேறுபாடு?*
*- கோவைக்காரர், துவாரகா*

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை இன்ஜின் ஒன்று சாணக்கியபுரியில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்தவை இவை. பக்கவாட்டில் நின்று சிலிண்டர்களைப் பாருங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருக்கும். சாதாரண இன்ஜினில் பக்கத்துக்கு ஒன்றுதான். கீழ்ச் சிலிண்டர் தண்டவாளச் சக்கரத்தை ஓட்டுகிறது. கல்லாறு தாண்டி, தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட பல்சக்கரப் பாதை தொடங்கியதும், கீழ்ச் சிலிண்டர் பயன்படுத்திவிட்டு வெளியேற்றும் நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டருக்குப் போய், பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுமார் 12 அடிக்கு ஒரு அடி ஏறும் பாதைக்கு இந்த ஏற்பாடு இல்லாமல் முடியாது. இன்ஜின் வண்டிக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போவதும் அதனால்தான்: கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருள இன்ஜின் விடாது.

*இன்ஜின்மேல் டபிள்யூ.பி., ஒய்.ஜி. என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அவற்றுக்குப் பொருள் என்ன?*
*- பத்தாம் வகுப்பு மாணவி, கரோல் பாக்*

முதல் எழுத்து தண்டவாள அகலம். டபிள்யூ என்றால் பிராட்கேஜ், ஒய் என்றால் மீட்டர்கேஜ், இசட் என்றால் இரண்டரை அடி குறும்பாதை, என் என்றால் இரண்டடிப் பாதை. இரண்டாவது எழுத்து வேலை. பி பயணிகள் வண்டிக்கு, ஜி சரக்குக்கு, எல் எடை குறைந்த வகை. ஆக டபிள்யூ.பி. என்றால் பிராட்கேஜ் பயணிகள் இன்ஜின், ஒய்.ஜி. என்றால் மீட்டர்கேஜ் சரக்கு இன்ஜின்.

இது சுதந்திரத்தை ஒட்டி வந்த வரிசை. அதற்கு முந்தையவற்றில் பிராட்கேஜுக்கு எக்ஸ் போட்டார்கள், எக்ஸ்.இ. என்பது அப்படி. நீலகிரி எக்ஸ் இந்த வரிசையில் சேராது, அது மீட்டர்கேஜ்.

*ஃபேரி குவீன் இன்னும் ஓடுகிறதா?*
*- வாசகர், மயூர் விகார்*

அதை நம்பி விடுமுறை எடுக்காதீர்கள். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் செய்த நீராவி இன்ஜின் அது. 1909-ல் ஓய்வு கொடுத்து ஹவுரா நிலையத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். 1997-ல் சென்னை பெரம்பூர் பணிமனைதான் அதைத் திரும்ப ஓட வைத்தது, மறு ஆண்டே ஓட்டத்திலிருக்கும் உலகின் மிகப் பழைய நீராவி இன்ஜினாகக் கின்னஸில் இடம்பெற்றது. 2011-ல் அதன் பாகங்கள் திருடுபோக, மறுபடி பெரம்பூர்காரர்களே செப்பனிட்டு 2017-ல் டெல்லி கண்டோன்மென்ட்டிலிருந்து ரேவாரிக்கு ஓடியது. இப்படிப் பழைய இன்ஜினை மீட்டெடுக்கும் திறமை நம் ஊர்ப் பணிமனையில் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இவ்வளவு வயதான இயந்திரத்தை அபூர்வமாகத்தான் எடுப்பார்கள், அதுவே சரியும்கூட.

*ரேவாரி ஷெட்டுக்குப் போவதென்றால் எப்படி, எப்போது? நீராவி வண்டியிலேயே போக முடியுமா?*
*- வாசகி, குருகிராம்*

ரேவாரி டெல்லியிலிருந்து 83 கிலோமீட்டர். டெல்லி ஜங்ஷன், சராய் ரோஹில்லா, கண்டோன்மென்ட், குருகிராம் நிலையங்களில் நிற்கும் வண்டிகள் நிறைய. நீராவி இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் ஷெட்தான் இப்போது மியூசியம்; அது ரேவாரி ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. இந்தியாவின் முதல் மீட்டர்கேஜ் பாதை 1873-ல் டெல்லிக்கும் ரேவாரிக்கும் இடையில்தான் போடப்பட்டது. ஷெட் 1893-ல் வந்தது. சீரமைத்து மியூசியமாக 2010-ல் திறந்தார்கள்.

நீராவிச் சிறப்பு வண்டிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சீசனில் விடப்படுபவை. ஆண்டுக்கு ஆண்டு தேதி, புறப்படும் நிலையம், கட்டணம் எல்லாம் மாறும். சில ஆண்டுகளில் சில மாதங்கள் ஓடாமலும் போகும். ஆகவே ஐ.ஆர்.சி.டி.சி.யின் சுற்றுலாப் பக்கத்தில் இருக்கை கிடைத்த பிறகே மற்ற ஏற்பாடு. நீங்கள் குருகிராமில் இருப்பதால் அங்கேயே ஏறலாம் என்று நினைக்காதீர்கள். சிறப்பு வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது.

எங்கள் யோசனை ஒன்று. நீராவி வண்டி கிடைக்கவில்லை என்று ரேவாரியைத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண வண்டியில் போய் ஷெட்டில் அரை நாள் செலவழிப்பது, நீராவி வண்டியில் உட்கார்ந்து போவதைவிட அதிகம் கற்றுத்தரும். பெட்டிக்குள் இருப்பவருக்கு இன்ஜின் தெரியாது. ஷெட்டில் நிற்பவருக்கு அது எப்படி வேலை செய்கிறது என்பதே தெரியும். முடிந்தால் இரண்டும் செய்யுங்கள், ஆனால் ஷெட்டை முதலில் வையுங்கள்.

அங்கே பார்க்க வேண்டியவை: டபிள்யூ.பி. 7200 ஆசாத், 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் அனுப்பியது. டபிள்யூ.பி. 7161 அக்பர், அதே வகை, ஆனால் 1965-ல் சித்தரஞ்சனில் நாமே செய்தது. இரண்டும் ஒன்றுபோலவே கூம்பு மூக்கு; கிட்டப் போய் உற்பத்தித் தகடுகளை வாசித்துப் பாருங்கள். எக்ஸ்.இ. 3634 அங்கத் 1930-ல் ஸ்காட்லாந்தில் செய்த பெரிய சரக்கு இன்ஜின். டபிள்யூ.எல். 15005 ஷேர்-எ-பஞ்சாப், 1995 டிசம்பரில் ஜலந்தர் - ஃபெரோஸ்பூர் தடத்தில் பிராட்கேஜ் நீராவியின் கடைசி ஓட்டத்தை ஓடிய வண்டி. மீட்டர்கேஜில் ரேவாரி கிங், சாஹிப் போன்ற பெயர் சூட்டியவை நிற்கின்றன.

திரும்பும் வண்டியை மாலை ஐந்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்தத் தடத்தில் எல்லா வண்டியும் தாமதம்தான்.

*எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய நீராவி வண்டி ஒன்பதரைக்குத்தான் நகர்ந்தது. கேட்டால் "ஸ்டீம் ஆகவில்லை" என்றார்கள். கரியைக் கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் ஆகாதா?*
*- வாசகர், ரோஹிணி*

ஆகாது. அவசரப்பட்டால் இன்ஜின் கெடும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் பயணிகளின் கோபம் பெரும்பாலும் இங்கேதான்.

டபிள்யூ.பி. இன்ஜின், அதன் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்து 170 டன்னுக்கு மேல். அதன் பாய்லர் வேலை செய்யும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ. வீட்டுக் குக்கரில் வெயிட் எழும்பும் அழுத்தம் ஒரு கிலோதான், அதை வைத்து இதை எண்ணிப் பாருங்கள். முழுக்கக் குளிர்ந்த பாய்லரை இந்த அழுத்தத்துக்குக் கொண்டுவர எட்டு மணி நேரமாவது வேண்டும். அதனால் முந்தைய மாலையே அடுப்பு மூட்டிவிடுவார்கள்.

முதலில் புகைப்பெட்டியில் சேர்ந்த கரித்தூளையும் அடியில் உள்ள சாம்பலையும் வாரி எடுப்பார்கள். பாய்லரில் தண்ணீர் இருக்கும் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் சரிபார்ப்பார்கள். இதைக் கேஜ் கிளாஸ் என்பார்கள், ஒன்று ஏமாற்றினால் மற்றொன்று காட்டட்டும் என்று இரண்டு இருக்கும். பிறகு அடுப்பின் அடியிலுள்ள இரும்புக் கம்பித் தட்டிமேல் மெல்லிய கரிப் படுகை, அதன்மேல் விறகும் எண்ணெயில் நனைத்த பழந்துணியும். பற்றிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரி.

ஏன் மெதுவாக? அடுப்புச் சுவர் ஒரு தகடு, அதற்கு வெளியே பாய்லரின் தகடு வேறு. இரண்டையும் நூற்றுக்கணக்கான இரும்புக் கம்பிகள் இணைத்திருக்கின்றன. நெருப்புப் பக்கம் வேகமாகச் சூடேறினால் அந்தத் தகடு முதலில் விரியும், மற்றது விரியாது. நடுவில் மாட்டிய கம்பிகள் வெட்டுப்படும், புகைக்குழாய்களின் முனைகள் கசியத் தொடங்கும். கசிகிற தண்ணீர் அடுப்பில் விழுந்து நெருப்பையே அணைக்கும். பழைய ஷெட் ஆட்கள் அடுப்பில் "சீ" என்ற சத்தம் கேட்டாலே முகம் மாறுவது இதனால்தான்.

தொடக்கத்தில் காற்று இழுப்பும் இருக்காது. ஓடும் இன்ஜினில் சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியே பாய்ந்து அடுப்பின் காற்றை இழுக்கும். நிற்கும் இன்ஜினில் அந்த வேலைக்கு ப்ளோயர் என்ற சின்னக் குழாய் இருக்கிறது. ஆனால் அதற்கும் நீராவி வேண்டும். ஆகவே இரண்டு மூன்று கிலோ அழுத்தம் வரும் வரை ஒரே புகையாகப் பொறுமையாக எரிய வேண்டியதுதான், அல்லது வெளியிலிருந்து காற்று கொடுக்க வேண்டும். கரி சரியில்லை என்றால் இன்னும் மோசம். நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம். அது உருகித் தட்டிமேல் கட்டியாக உறைந்துகொள்ளும், கிளிங்கர் என்பார்கள். கிளிங்கர் பிடித்த இடத்தில் காற்று ஏறாது, அழுத்தம் பன்னிரண்டு கிலோவில் நின்றுகொண்டு மேலே போகவே போகாது. ஃபயர்மேன் நீள இரும்புக் கம்பியால் அதை உடைத்து இழுத்துவிட்டுப் புதிதாக நெருப்பைப் பரப்ப வேண்டும். உங்கள் ஒன்றரை மணி நேரம் இப்படித்தான் போயிருக்கும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பிரேக். பழைய இன்ஜினின் வேக்குவம் பிரேக், குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் விடுபடும்; அதற்கு இன்ஜினில் பாதரச அளவில் 53 சென்டிமீட்டர், கடைசிப் பெட்டியில் 47 சென்டிமீட்டர் அளவு காட்ட வேண்டும். பெட்டிகளுக்கிடையே ரப்பர் குழாய் ஒன்று கசிந்தாலும் அந்த அளவு வராது. ஒவ்வொரு இணைப்பாகத் தேடுவார்கள், அளவு வராமல் புறப்பட அனுமதி இல்லை. மற்றொன்று பாதை. எக்ஸ்பிரஸ்கள் விரையும் தடத்தில் மெதுவாகப் போகும் வண்டிக்குக் கொடுத்த நேரம் தவறினால் அடுத்த இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடத் தாமதம் ஒரு மணி நேரமாவது இப்படித்தான்.

சிறப்பு வண்டியின் பின்னால் டீசல் இன்ஜின் ஒன்று கோத்திருந்தால் ஏமாற்றமடையாதீர்கள். வழியில் நீராவி இன்ஜின் நின்றுவிட்டால் தடம் அடைபடாமலிருக்கும் முன்னேற்பாடு அது. தண்ணீருக்கும் வழி மாறிவிட்டது: டெண்டர் 25,000 லிட்டர் கொள்ளும், ஆனால் பிளாட்பார முனையில் இருந்த தண்ணீர்த் தூண்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இடையில் லாரித் தண்ணீர் பிடிக்க நிறுத்தினால் அரை மணி நேரம் கூடும். அப்போது இறங்கிப் போய்ப் பாருங்கள். ஊழியர் ஒருவர் சக்கர அச்சுப் பெட்டிகளைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே வருவார். எண்ணெய் குறைந்த அச்சு சூடேறினால் உள்ளிருக்கும் ஈயக் கலவை உருகி ஓடிவிடும். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

*பிள்ளைகளோடு நீராவி வண்டியில் போகிறோம். எந்தப் பக்கம் உட்காருவது? என்ன எடுத்துப் போவது?*
*- வாசகி, ஜனக்புரி*

ரேவாரி டெல்லிக்குத் தென்மேற்கே. குளிர்காலத்தில் இங்கே காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசும். அதனால் போகும்போது புகையும் கரித்துகளும் இடப்பக்கம் சாயும். வலப்பக்கம் சுத்தமாக இருக்கும், ஆனால் காலை வெயில் இடப்பக்கத்துக்குத்தான். குளிர் தாங்காத பெரியவர்களை இடப்பக்கம் சன்னலை இறக்கி மூடிவிட்டும், பிள்ளைகளை வலப்பக்கமும் உட்கார வையுங்கள். சத்தம் கேட்க வேண்டுமென்றால் முதல் பெட்டி, தூசி வேண்டாமென்றால் கடைசிப் பெட்டி.

வெள்ளைச் சட்டை, பட்டு, நைலான் வேண்டாம். பறக்கும் தணல் பட்டால் நைலானில் ஓட்டை விழும். பருத்தியும் மேலே கம்பளியும் போதும். சன்னலோரப் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கண்ணாடி ஒன்று மாட்டிவிடுங்கள், பவர் இல்லாததே போதும். கண்ணில் கரித்துகள் விழுந்தால் கசக்கவே கூடாது. சுத்தமான தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி அதில் கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். போகாவிட்டால் ரேவாரியில் டாக்டரிடம் காட்டுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று மூக்குக்கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது.

புளியோதரை, தயிர்சாதம் எதுவானாலும் மூடி இறுக்கமான டப்பாவில் இருக்கட்டும், சன்னல் திறந்திருக்கும்போது திறக்காதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். தாமதம் நேருமென்று எண்ணி மதியத்துக்கும் சேர்த்துக் கட்டுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களைப் புறப்படும் நேரத்தில் பிளாட்பாரத்தில் இன்ஜினுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். நின்ற இடத்தில் கரி போடும்போதுதான் கரும்புகை மிகுதி. அவர்களுக்கு ரேவாரி ஷெட்டும் சாணக்கியபுரியுமே ஏற்றவை.

*நீராவி வண்டியைப் படமெடுக்கும்போது எப்போதும் கறுப்பு உருவமாகவே வருகிறது. எங்கே நிற்க வேண்டும்?*
*- வாசகர், வைஷாலி*

காலையில் ரேவாரி நோக்கிப் போகும் வண்டிக்கு வெயில் அதன் இடப்பக்கம் விழும். நீங்களும் அந்தப் பக்கம், அதாவது பாதைக்குத் தென்கிழக்கே நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றால் கறுப்பாகத்தான் வரும். பிற்பகலில் திரும்பும் வண்டிக்கு வெயில் பின்னாலிருந்து வருவதால் முகம் இருட்டும், ஆனால் நீராவி பளிச்சென்று ஒளிரும். அப்போது இன்ஜினை விட்டுவிட்டு ஆவியை அளவாக வைத்து எடுங்கள்.

வெண்ணிற மேகம் வேண்டுமென்றால் குளிர்ந்த காலைதான். சூடான காற்றில் நீராவி உடனே கரைந்து கண்ணுக்குத் தெரியாது. புறப்படும் கணத்தில் சிலிண்டரின் அடியிலிருந்து இரு பக்கமும் ஆவி பீறிடும். நின்றிருந்தபோது சிலிண்டரில் குளிர்ந்து சேர்ந்த தண்ணீரை வெளியேற்றும் குழாய்களைத் திறப்பதால் வருவது அது. தண்ணீர் அழுந்தாது, உள்ளே மாட்டினால் சிலிண்டர் மூடியே விரிசல்விடும். படத்துக்கு அழகான அந்த ஆவி கொதிக்கும் வெப்பத்தில் இருக்கிறது, ஐந்து மீட்டருக்குள் நிற்காதீர்கள்.

ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு சிலிண்டர் இன்ஜினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு "சுக்". டபிள்யூ.பி.யின் பெரிய சக்கரத்துக்கு விட்டம் 1.7 மீட்டர், ஒரு சுற்றுக்கு 5.3 மீட்டர் ஓடும். பக்கத்துத் தண்டு 10 வினாடியில் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள், ஏறத்தாழ அதுதான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. இருபது சுற்று என்றால் நாற்பது கிலோமீட்டர் வேகம். நான்கு "சுக்"கும் ஒரே இடைவெளியில் விழாமல் ஒன்று பலமாகவும் ஒன்று மெலிந்தும் கேட்டால் வால்வுகளை ஒழுங்காக வைக்கவில்லை என்று பொருள்.

*பிள்ளையை இன்ஜின்மேல் ஏற்றிப் படமெடுக்க விடுவார்களா?*
*- வாசகர், லக்ஷ்மி நகர்*

மியூசியத்தில் அனுமதித்த இன்ஜின்களின் ஓட்டுநர் அறைக்குள் ஏற்றலாம், காவலரிடம் கேட்டுவிட்டு. ஓடும் தடத்தில் நிற்கும் இன்ஜினில் டெண்டர்மேலோ பாய்லர்மேலோ ஒருபோதும் கூடாது. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. தொட வேண்டியதில்லை, இரண்டு மீட்டருக்குள் போனாலே பாயும். செல்ஃபி ஸ்டிக்கை உயர்த்தவும் கூடாது. இந்தக் கம்பிக்குக் கீழே நிற்கும்போது டெண்டரில் கரியைச் சரித்துவிட ஃபயர்மேனே மேலே ஏற மாட்டார், மின்சாரத்தை நிறுத்திய பாதைக்கு வந்த பிறகுதான் ஏறுவார்.